பன்றி தப்பிப்போன நாளில்

வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அந்த ஆணியில் ஒரு காக்கிக் கோட்டு தொங்கும். அதை உள்ளே கொண்டுவர ஆத்தா ஒருநாளும் விட்டதில்லை. “நாயை வேணும்னா உள்ள கூப்பிடு, அந்தக் கோட்டைக் கொண்டாராத” என்பாள். மழையில் நனைந்த நாட்களில் ஈர நாய், வெந்த மாட்டெலும்பு, துரையின் சுங்கான் குழாய்ப் புகை என்று எல்லா வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து அதிலிருந்து கிளம்பும். துரை நெட்டையானவர், என் அண்ணன் குட்டை. கோட்டுக்குள் அண்ணன் கையை விட்டால் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். தன் உடம்பிலிருந்து அந்தக் கோட்டைக் கழற்றித் துரையே அண்ணனின் தோளில் போட்டதை லயம் முழுக்கப் பார்த்தது. பார்த்த அன்றிலிருந்து லயத்தில் ஒருவரும் வெகுகாலம் எங்களோடு பேசவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில், மேகம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் ஒரு சரிவில் இருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியும் வெள்ளைக்காரத் துரைதான் பங்களாவில் இருந்தார். அவருக்கு வேட்டைப் பைத்தியம். பங்களாவுக்குக் கீழே கம்பிவலை அடித்த ஒரு பட்டியில் வேட்டை நாய்களைக் கூட்டமாக வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தைக் கவனிப்பதுதான் அண்ணனின் வேலை. அண்டாவில் எலும்பும் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் போட்டுக் கஞ்சி காய்ச்ச வேண்டும். காட்டிலிருந்து வந்தால் ஒவ்வொரு நாயின் விரலிடுக்கிலும் அட்டை பார்த்து எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துரை பன்றி வேட்டைக்குப் போனால் நாய்களோடு சேர்ந்து ஓட வேண்டும். எங்களுக்கு அப்பா இல்லை. ஆத்தாவும் நானும் கொழுந்தெடுத்தோம், அண்ணன் நாய் பார்த்தார். தோட்டத்தில் அவருக்குப் பேரே நாய்க்காரர்தான். அதில் அப்போது கேலி இருந்ததே தவிர வெறுப்பு இருந்ததில்லை. “நாய்க்காரரே, இன்னிக்கு உங்க வீட்டுல கஞ்சியா, எலும்பா?” என்று கேட்பார்கள். “நீங்க வாலாட்டுறதைப் பொறுத்துத்தாங்க” என்பார் அவர். சிரித்துக்கொண்டே போவார்கள்.

அண்ணன் பேச ஆரம்பித்தால் பேச்செல்லாம் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். எனக்கு மனிதர்கள் சொல்லும் சொற்களைச் சேர்த்துவைக்கிற பழக்கம். அதை ஆரம்பித்துவைத்ததே அவர்தான். கூட்டத்துக்குத் தலைமை பெல்லா என்கிற பெட்டை. கஞ்சித் தொட்டியில் அவள் வாய் வைக்கிறவரை, அவளைவிட இரண்டு மடங்கு பெரிய கடுவன்களெல்லாம் எச்சில் ஒழுக நிற்கும். “பெல்லா யாரையும் கடிக்கிறதே இல்ல பாப்பா, பார்க்கிறதோட சரி. பார்வையில வேலை நடக்காதவந்தான் கடிப்பான்” என்பார். மோப்பம் பிடிக்கிறது ஒன்று, விரட்டுகிறது ஒன்று, பன்றியின் காதைப் பிடித்துத் தொங்குகிறது ஒன்று. ஒன்றின் வேலைக்கு இன்னொன்று போகாது. குட்டிகள் தாயின் வாயோரத்தை நக்கினால் தாய் வயிற்றில் இருப்பதைக் கக்கிக் கொடுக்கும். கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நாய் இருந்தது. காது பாதி கிழிந்துபோனதால் அண்ணன் அதை மொட்டை என்று கூப்பிட்டார். வளர்ந்த கடுவனாக இருந்தும் அது பெல்லாவின் வாயோரத்தைக் குட்டிபோல நக்கும். பெல்லாவும் சில நாள் கக்கிக் கொடுப்பாளாம். “கீழ இருக்கிறவனுக்கும் அங்க ஒரு இடம் இருக்கு” என்பார் அண்ணன். இந்த நாய்களெல்லாம் ஓநாய் வம்சம் என்று துரை அவருக்குச் சொல்லியிருந்தார். எங்கள் நாட்டில் ஓநாய் ஏது? நரிதான். ஆனாலும் அண்ணன் அதைத் தன் குலப்பெருமை மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் சொன்னவற்றில் இரண்டை மட்டும் நான் இங்கே தனியாக எழுதிவைக்க வேண்டும். ஒன்று, பன்றி அகப்பட்ட நாளில் கூட்டத்துக்குள் சண்டையே வராது, தப்பிப்போன நாளில் கட்டாயம் வரும். எல்லா நாய்க்கும் பல் தினவெடுத்திருக்கும், பன்றியைக் கடிக்க முடியவில்லை, பட்டிக்குத் திரும்பும் வழியிலேயே மொட்டைமேல் விழுந்துவிடும். மற்றது, அப்படி விழும்போது மொட்டை ஓடாது. மல்லாந்து படுத்துத் தொண்டையைத் தூக்கிக் காட்டிவிடும். தொண்டையைக் காட்டியவனை எந்த நாயும் கடிக்காது. பெல்லா வந்து மூக்கால் ஒரு தள்ளு தள்ளுவாள், மொட்டை எழுந்துகொள்ளும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும். “அதோட முடிஞ்சிரும் பாப்பா. மறுநாள் ஒருத்தரும் பழசை எடுக்கமாட்டாங்க” என்று அண்ணன் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். அந்தத் திருப்திதான் எங்களைக் கெடுத்தது.

அந்த வருடம் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வந்தது. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசிய ஒரு வயசாளியையும் அவர் குடும்பத்தையும் லயத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் வேலைக்குப் போகாமல் நின்றோம். நானும் நின்றேன், ஆத்தாவும் நின்றாள். பங்களா வேலையாட்களும் வெளியே வந்துவிட வேண்டும், ஒரு காலும் பங்களாப் பக்கம் போகக்கூடாது என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் கோயில் முன்னால் வைத்துச் சொன்னார். சமையல்காரர் கினிகத்தேனையில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். தோட்டக்காரன், மாட்டுக்காரன் எல்லோரும் இறங்கி வந்தார்கள். அண்ணனும் வந்தார்.

காலையில் எங்களுக்குப் பெரட்டுத் தப்பு அடிக்கும். ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் அந்தத் தப்புச் சத்தத்துக்குப் பட்டியில் இருக்கும் நாய்களெல்லாம் ஒரே குரலாக ஊளையிட்டுப் பதில் சொல்லும். வேலைநிறுத்தத்தில் தப்பு அடிக்கவில்லை. நாய்கள் அந்த நேரம் கடந்தும் ஊளையிட ஆரம்பிக்காமல் திணறின, பிறகு கண்ட நேரத்திலெல்லாம் ஊளையிட்டன. துரைக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியும், அண்டாவில் கஞ்சி காய்ச்சத் தெரியாது. ரொட்டித் துண்டும் டின் மீனும் வீசிப் பார்த்தாராம். சில நாள் போனதும் ஊளை நின்று வேறு சத்தம் கேட்டது. அண்ணன் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மொட்டைமேல விழுந்துட்டாங்க” என்றார். “நீ போகாதடா” என்றாள் ஆத்தா. அவர் எழுந்து மழையில் நடந்தார்.

பட்டிக்குள் கண்டதை அன்று மாலை எங்களிடம் சொன்னார். மொட்டை மல்லாந்து கிடந்தது, வயிற்றுப் பக்கம் ரத்தம். அதன்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டுப் பெல்லா நின்றுகொண்டிருந்தாள். தன் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தும், பல்லைக் காட்டி மற்றவற்றைத் தள்ளியே வைத்திருந்தாள். “அவ்வளவு பசியிலயும் பெல்லா பல்லு வைக்கல, பாப்பா.” இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டு, மொட்டையின் காயத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தபோது துரை இறங்கி வந்திருக்கிறார். அண்ணன் வெறும் உடம்போடு நடுங்குவதைப் பார்த்து, தன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். துரையிடம் வேண்டாம் என்று சொல்லி அண்ணனின் வாய் பழகியதில்லை. மழை வேறு. அவர் அதைப் போட்டுக்கொண்டே இறங்கிவிட்டார். கோயில் முன்னால் சனம் முழுக்கக் கூடியிருந்தது. பங்களாச் சரிவு அங்கிருந்து உள்ளங்கை மாதிரித் தெரியும்.

“துரை மருமகன் வர்றாரு, வழி விடுங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் நேராகத் தலைவரிடம் போய் நின்றார். “தலைவரே, விட்டா ஒண்ணையொண்ணு கொன்னுருக்குமுங்க. துரைக்காகப் போகல, நாய்க்காகத்தாங்க போனேன்.”

தலைவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதும் சங்க வேலைக்கு ஓடியவர். அவர் சொன்னார்: “நாளைக்கு ஒரு குடும்பம் சட்டிபானையைத் தலையில வெச்சுக்கிட்டுப் பொட்டல்ல நிக்கப் போகுது. அதுக்கு நாயளவுக்காவது ஒரு இடம் உன் மனசுல இருந்துச்சா?” அதற்குப் பதில் எனக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை.

வேலைநிறுத்தம் தோற்றது. அரிசி தீர்ந்துபோனது, கடைக்காரர் கையை விரித்தார், ஒவ்வொரு லயமாக வேலைக்குத் திரும்பியது. அந்த வயசாளி குடும்பம் மூட்டையோடு ஹட்டன் பாதையில் இறங்கிப் போவதை எல்லோரும் நின்று பார்த்தோம். ஒரு நாய்க்காரன் கஞ்சி காய்ச்சியதால் ஒரு வேலைநிறுத்தம் தோற்காது. அது தலைவருக்கும் தெரியும், சனத்துக்கும் தெரியும். ஆனால் பன்றி தப்பிப்போய்விட்டது. துரையைக் கடிக்க முடியாது, கணக்கப்பிள்ளையைக் கடிக்க முடியாது.

எங்களை ஒதுக்கிவைத்தோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மலைநீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்க நான் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுவார்கள். ஒருத்தி சொன்னாள், “கோட்டுக்காரர் தங்கச்சிக்குத் தனிப் பீலி கட்டச் சொல்லுங்கடி, துரைகிட்ட ஒரு வார்த்தை போதும்.” முடி வெட்டுகிறவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். கோயிலில் திருநீற்றுத் தட்டு எங்கள் முன்னால் வரும்போது சற்று உயரமாகப் போகும். எனக்குப் பேசியிருந்த சம்பந்தம் சத்தமில்லாமல் நின்றது. ஆத்தாவுக்கு முன்பே இழுப்பு உண்டு. அந்தக் குளிரில் அது முற்றி அவள் படுக்கையில் விழுந்தாள். சாவுக்கு அவள் பயப்படவில்லை. “என்னைத் தூக்க நாலு தோளு வேணுமேடா, உன் ரெண்டு தோளு பத்தாதே” என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். லயத்தில் எந்தச் சாவென்றாலும் முதல் ஆளாய்ப் போய்ப் பிணத்துக்கு மஞ்சள் அரைத்தவள் அவள். தனக்குச் சாவுத் தப்பு அடிக்காமல் போய்விடுமோ என்ற பயம், மூச்சு வாங்குவதைவிட அவளை அதிகம் வாட்டியது.

அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். எனக்கு விளக்கியும் சொன்னார். “நான் விழுந்துடுறேன் பாப்பா. எல்லார் முன்னாலயும். தலைவர் ஒரு கை வெச்சு எந்திரின்னு சொல்லிட்டா முடிஞ்சிரும். ஒரு மிருகத்துக்கு இருக்கிறது மனுசங்களுக்கு இல்லாமப் போயிருமா?” அவர் சொன்னவிதத்தில் எனக்கும் நம்பிக்கை வந்தது. எங்கள் பக்கத்திலும் தப்புச் செய்தவன் சபையில் விழுவதும் பெரியவர் தொட்டு எழுப்புவதும் வழக்கம்தான். அண்ணன் அந்த வழக்கத்தை நம்பியதைவிடப் பெல்லாவைத்தான் நம்பினார்.

மறுநாள் காலை, ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பனிமூட்டம் முழங்கால் உயரத்துக்குப் படுத்திருந்தது. தப்பு அடித்தது, மேலே நாய்கள் பதில் கொடுத்தன. பெண்கள் தலையில் கம்பளியும் முதுகில் கூடையுமாக வரிசை கட்டினோம். அண்ணன் கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு, இடுப்பு வேட்டியோடு வந்தார். களத்தின் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “ஆத்தாவுக்காகவாவது என்னைச் சேர்த்துக்கங்க” என்றார்.  “பெரட்டு நேரத்துல என்னடா நாடகம்?” என்றார் கணக்கப்பிள்ளை. எல்லோருடைய கண்ணும் தலைவரிடம் போனது. அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கால் பாதி அடி முன்னால் வந்ததை நான் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், “தூக்கிவிட்டா நேரா எங்க போவான்? பட்டிக்குத்தான்” என்றது. அது உண்மைதான். அவருக்கு வேறு வேலை கிடையாது. தலைவரின் கால் நின்றுவிட்டது.

அப்போதுதான் அண்ணன் புரண்டார். முகம் குப்புறக் கிடந்தவர் மல்லாந்து, கையையும் காலையும் தளர விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டையை வானத்துக்குக் காட்டினார். தூறல் திறந்த கண்ணில் விழுந்தது, அவர் இமைக்கவில்லை. வரிசையில் யாரோ சிரித்தார்கள். “நாய்ப் பாஷை பேசுறாண்டி” என்றாள் ஒருத்தி. யாருக்கு எந்த மலையில் கொழுந்து என்று பிரித்துக் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள். படுத்துக் கிடக்கிற மனிதனைத் தாண்டக்கூடாது இல்லையா, ஒருவரும் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த மரியாதையைக் கொடுத்தார்கள். நான் கூடையை இறக்கிவைத்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். களம் காலியானபிறகும் அவர் அப்படியே கிடந்தார், யாரோ இன்னும் வரவேண்டியிருப்பது போல. பிறகு எழுந்து முதுகுச் சேற்றைத் தட்டிக்கொண்டு, “நீ மலைக்குப் போ பாப்பா. கஞ்சிக்கு நேரமாச்சு” என்றார்.

அந்த வாரமே ஆத்தா போய்விட்டாள். நான் அழுத சத்தத்தை லயம் முழுக்கக் கேட்டிருக்கும், ஒரே கூரைதானே. தப்பு அடிக்க ஆள் வரவில்லை. பாடை கட்ட மூங்கில் வரவில்லை. அண்ணன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார், வெயில் ஏறியது. எப்படியோ துரைக்குச் சேதி போய், கொழுந்து ஏற்றும் லொறியை அனுப்பிவிட்டார். அது இரக்கத்தில் செய்ததுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் துரையின் லொறி வந்து நின்றபிறகு, வர நினைத்திருந்த ஒருவர் இருவரும் வராமல் போயிருப்பார்கள். லொறி ஓட்டி வந்த சிங்களவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆத்தாவின் காலைப் பிடித்தார், அண்ணன் தலையைப் பிடித்தார், நான் நடுவில். எங்களில் பெண்கள் புதைகுழிவரை போவதில்லை. நான் போனேன், ஆள் வேண்டுமே. லொறித் தட்டில் முதல்நாள் கொழுந்து வாடிக் கிடந்தது. அதன்மேல்தான் அவளைக் கிடத்தினோம். சனம் அவரவர் வாசலில் நின்று பார்த்தது. கதவைச் சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சில வருடங்களில் துரை தோட்டத்தைக் கைமாற்றிவிட்டுச் சீமைக்குப் போனார். நாய்களை ஒன்றும் இரண்டுமாகப் பிரித்து வேறு வேறு பங்களாக்களுக்குக் கொடுத்தார்கள். பெல்லாவை நுவரெலியாப் பக்கம் யாரோ கொண்டுபோனார்கள். அங்கே அவள் தீனியில் வாய் வைக்காமலே செத்துப்போனதாகக் கேள்வி. மொட்டையை யாரும் கேட்கவில்லை, அது எங்களோடு லயத்துக்கு வந்தது. காலையில் தப்பு அடித்தால் எழுந்து ஒருமுறை ஊளையிடும். நிறுத்தி, கிழியாத காதைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நிற்கும். பதில் வராது. சில மாதத்தில் அதுவும் ஊளையிடுவதை விட்டுவிட்டது. அண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போனார். அவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நாய்களைப் பற்றியும் அதன்பிறகு அவர் பேசவில்லை.

சனம் எங்களோடு எப்போது பேச ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் பக்கத்துக் காம்பரா அக்கா வந்து, “தங்கச்சி, ஒரு கொள்ளி நெருப்பு குடேன்” என்றாள், நேற்றும் வந்து கேட்டவள் மாதிரி. கொடுத்தேன். பிறகு பிள்ளை பிறந்த வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய கோபத்தைத் தூக்கி நடக்க ஆளில்லாமல் அது எங்கேயோ விழுந்துவிட்டது, அவ்வளவுதான். நான் சாமான் சுற்றி வந்த கடதாசியில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவள். இப்போதும் பத்திரிகையில் ஓநாயைப் பற்றி ஏதாவது வந்தால் விடமாட்டேன். ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம்தானாம், தாயும் தகப்பனும் பிள்ளைகளும். கூட்டத்தைப் பிரிந்து தனியாகத் திரிகிற ஓநாய் பெரும்பாலும் ஊளையிடாதாம். அதை வாசித்த அன்று பத்திரிகையை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில், பாதித் தோட்டம் இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்களில், அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். விடிவதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை. மூங்கில் வந்தது, மஞ்சள் வந்தது, தப்பு அடிக்கிறவர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வந்தார்கள். பீலியில் என்னை ஏசியவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் பட்டிக்குப் போன அழகையும் நாய்கள் அவர் பின்னால் ஓடிய அழகையும் பாட்டாகப் பாடி அழுதாள். பாடை எழுந்தபோது தோள் கொடுக்கப் பிள்ளைகள் போட்டி போட்டார்கள். நான்கு பேர் போதாதா, மேடு ஏறுவதற்குள் எத்தனையோ தோள் மாறியது.

எல்லாம் முடிந்து திரும்பியபிறகு தலைவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். கிழவராகியிருந்தார், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லபடியா அனுப்பிட்டோம் தங்கச்சி” என்றார். “நாங்க இத்தனை பேரு இருக்கோம்ல. ஆமா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு நினைச்சேன். உங்க ஆத்தாவை மட்டும் ஏன் அன்னிக்கு லொறியில கொண்டுபோனீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்திருப்பமே.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். நல்ல கண்ணையும் பார்த்தேன், பூ விழுந்த கண்ணையும் பார்த்தேன். பொய் சொல்லுகிற முகம் எனக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்கக் கணக்கப்பிள்ளைமார்களைப் பார்த்து வளர்ந்தவள். அது பொய் சொல்லுகிற முகம் இல்லை.